பேனா நிற்கக் கூடாது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. ஆடி வெள்ளியில் விளக்கேற்றும்போது நினைப்பேன், தை வெள்ளியில் மறுபடி நினைப்பேன், அப்படியே விட்டுவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அளவு குறித்து வைப்பதைத் தாண்டி எனக்கும் பேனாவுக்கும் பெரிய பழக்கம் கிடையாது. அது ஒரு காரணம். யாரைப் பற்றி எழுத நினைத்தேனோ அந்தப் பெண்களுக்கே அது பிடிக்காது என்பது இன்னொன்று. "எங்கள பத்திலாம் எதுக்கும்மா, கூச்சமா கீது" என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் என் மகள். "நீ எழுதுறேன்னு ஆரம்பிச்சு, ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுற மாதிரி பண்ணிடுவ" என்று ஒரே போடாகப் போட்டிருந்தாள்.

போன மாதம் அவளே வாய் திறந்தாள். "சரிம்மா, எழுது. ஆனா முடிச்சதும் எனக்குப் படிச்சுக் காட்டணும். நான் சொல்லாததை நான் சொன்னேன்னு எழுதக் கூடாது." அம்மன் சந்நிதியில் பூ விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. உட்கார்ந்துவிட்டேன்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மகளுக்குக் கண்ணின் உள்ளே விழித்திரை கெட்டுக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. அந்தக் கதையை விரித்தால் திட்டுவாள், இத்தோடு விடுகிறேன். ப்ளஸ் டூ முடித்து, தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். ஐரோப்பிய வரலாறு என்ற ஒரு தாள் தவிர எல்லாம் தேறிவிட்டாள். அந்த ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் தேறாமல் நின்றுபோனது.

கண் தெரியாதவர்கள் பரீட்சை எழுதும்போது, அவர்கள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதலாம். அதற்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். ஒரு தடவை எழுத வந்தவர், "இன்னொரு வாட்டி சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று கேட்டே நேரத்தையெல்லாம் தின்றுவிட்டார். அடுத்த தடவை வந்தவருக்குப் பாதியில் கை வலி. மகள் என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இந்த தடவையும் நின்னுச்சுன்னா படிப்பு வேணாம்மா. உன் பக்கத்துல உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வெச்சுத் தர்றேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. பட்டம் இருந்தால்தான் வேலைக்கு மனுப் போட முடியும். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்கள் வந்தார்கள். அடையாறு பக்கம் ஒரு கல்லூரி. அங்கே முதல் வருஷம் சேருகிறவர்கள் ஏதாவது சமூக சேவை செய்து காட்ட வேண்டுமாம். நிறையப் பேர் கடற்கரையில் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். ஆனால் மூன்றாம் வருஷத்துப் பெண்கள் சிலர், புதிதாகச் சேர்ந்தவர்களில் பொறுமை இருக்கிறவர்களாகப் பார்த்து, எங்களைப் போன்ற வீடுகளுக்கு அழைத்து வருவார்கள். பாடம் படித்துப் பதிவு செய்து கொடுப்பது, பரீட்சைக்கு எழுதப் பழகுவது, இதுதான் வேலை. யாரும் உத்தரவு போட்டுச் செய்வதில்லை. தங்களுக்கு முன்னால் இருந்த அக்காக்கள் சொல்லிக் கொடுத்ததை இவர்கள் தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. எழுதுகிறவர் பரீட்சை எழுதுகிறவரைவிடக் கீழ் வகுப்பில் இருக்க வேண்டும். ஆகவே வேலை தெரிந்த மூன்றாம் வருஷப் பெண் உள்ளே போக முடியாது. ஒன்றும் தெரியாத முதல் வருஷப் பெண்தான் போக வேண்டும். தெரிந்தவள் வெளியே நிற்பாள், தெரியாதவள் உள்ளே எழுதுவாள். இது என்ன தலைகீழ் நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் வருஷப் பெண் பட்டினப்பாக்கத்துக்காரி. அவள் அம்மா அங்கே மீன் விற்கிறார். கழுத்தில் சின்னச் சிலுவை, வாயில் ஓயாத பேச்சு. அவள் கூட்டி வந்த முதல் வருஷப் பெண் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவள். பயந்த சுபாவம். நல்ல படிப்பாளி, முத்து முத்தான கையெழுத்து.

வந்த முதல் நாளே அந்தப் பெண் அவசரமாக என் மகள் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்தாள்.

"ஏய் ஃபர்ஸ்ட் இயர், இன்னா பண்ற? கேஸ் புடிச்ச போலீஸ் மாதிரி இழுக்கிற?" என்றாள் பெரியவள். "உன் முழங்கையை அவங்க புடிச்சுப்பாங்க. நீ முன்னால போ, அவ்ளோதான். அவங்களுக்கு வழி தெரியும், உனக்குதான் இந்த வீடு தெரியாது."

"அதானே, கட்டில் காலு எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று என் மகளும் சேர்ந்துகொண்டாள். சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை தோறும் வந்தார்கள். படிக்கும்போது பக்க எண்ணைச் சொல்ல வேண்டும், படம் இருந்தால் என்ன படம் என்று சொல்ல வேண்டும், அறையை விட்டு எழுந்து போனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவங்க சுவரோடு பேசிக்கொண்டிருப்பாங்க என்று பெரியவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். அதட்டமாட்டாள். கிண்டல் பண்ணியே பழக்கிவிடுவாள். பதிவு செய்யும் நேரத்தில் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். ஆனால் பக்கத்து வீட்டுக் குக்கரை நான் என்ன செய்ய முடியும்? "அரசரின் ஆடம்பரச் செலவு" என்கிற இடத்தில் சரியாக ஒரு விசில் வரும். "அந்த விசில் வர்ற பாடம்தான்மா எனக்கு மறக்கவே மறக்காது" என்பாள் மகள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வீட்டிலேயே ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். மகள் சொன்னாள், முதல் வருஷப் பெண் எழுதினாள். பெரியவள் அன்றைக்கு வரவில்லை. அப்புறம் அந்தத் தாளை வாங்கி, தன் கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு தோழியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மதிப்பெண் வந்தது. இவ்வளவு வாங்குவாள் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. நான் ஓடிப்போய் அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். உடனே பாயசம் வைத்தேன். ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்த வீட்டுக்காரர், "இன்னாமே, வாசலுக்கே வாசனை வருது, கலெக்டர் ஆயிட்டாளா நம்ம பொண்ணு?" என்று டம்ளரை நீட்டினார்.

எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது அந்தப் பெண்களின் வழக்கம். பாயசம் குடித்துக்கொண்டே பெரியவள் விடைத்தாளைப் படிக்கத் தொடங்கினாள். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். கேட்டுக்கொண்டிருந்த என் மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"நிறுத்து. அடுப்படி எங்க?" என்றாள்.

"எந்த அடுப்படி?"

"ரொட்டி இல்லாத வீட்டில் கோபம் முதலில் அடுப்படியில்தான் மூளும்னு சொன்னேன். அது எங்க?"

பெரியவள் தாளைப் பார்த்தாள். அந்த இடத்தில், 'பொருளாதாரக் காரணங்கள் பல இருந்தன' என்று இருந்தது. முதல் வருஷப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா… அது புஸ்தகத்துல இல்லாத மாதிரி இருந்துச்சு. மார்க் கொறைச்சிருவாங்களோன்னு… ரெண்டு மூணு எடத்துல கொஞ்சம் சரி பண்ணுனேன். நல்லதுக்குத்தான்க்கா."

என் மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த மார்க் உன்னோடது. பாயசம் நீ குடி" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டாள். "பரீட்சைக்கு நான் போகல. யாரும் வர வேணாம்" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

அந்தச் சின்னப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பிரியத்தில்தான் செய்தாள். பிரியம் இருக்கிறவர்கள்தான் இப்படிப்பட்ட தப்பைச் செய்வார்கள். ஆனால் பரீட்சையில் இப்படி நடந்து, மேற்பார்வை பார்ப்பவர் கண்ணில் பட்டால் தாளையே பிடுங்கிவிடுவார்கள். அதைவிடப் பெரியது, என் மகள் வாய்விட்டுச் சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லையே.

இந்த இடத்தில் பெரியவள் செய்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்து மெச்சிக்கொண்டிருக்கிறேன். அவள் திட்டவில்லை. அறிவுரை சொல்லவில்லை. "சரி, உன் ஃபோனைக் குடு" என்றாள் முதல் வருஷப் பெண்ணிடம். "கண்ணை மூடிக்கோ. உங்க அப்பாவுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லு, நான் டைப் பண்றேன்."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "யப்பா, செவல கன்னு போட்ருச்சா? காளையா, கெடேரியா? அம்மாவ முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கச் சொல்லு. இங்க ஆஸ்டல் சாம்பாருல பருப்பத் தேட வேண்டியிருக்கு. ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன்."

பெரியவள் எழுதி முடித்து, சத்தமாகப் படித்தாள். "அன்புள்ள தந்தையே, தங்கள் நலம் அறிய ஆவல். நமது பசு நலமுடன் கன்று ஈன்றதா? தாயாரைத் தம் உடல்நலம் பேணுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுதி உணவு மிகச் சிறப்பாக உள்ளது. இப்படிக்குத் தங்கள் அன்பு மகள்."

"அய்யய்யோ, என்னக்கா இது! எங்கப்பாவ நான் தந்தையேன்னு கூப்புட்டதே கெடையாது. சாம்பார் எங்க?"

"அது படிக்க நல்லா இல்ல, அதான் கொஞ்சம் சரி பண்ணேன். உன் நல்லதுக்குதான்."

"அழிங்கக்கா!"

"அனுப்பிட்டேனே" என்றாள் பெரியவள்.

அந்தப் பெண் ஃபோனைப் பிடுங்குவதற்குள் அது அடித்தது. அவள் அப்பாதான். பதற்றத்தில் அவள் எதையோ அழுத்திவிட, அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "என்ன ஆத்தா ஆச்சு? யாரு ஒன் ஃபோன எடுத்தது? தந்தையேங்குற, தாயாருங்குற, ஒன்ன யாராச்சும் கட்டிப் போட்டு எழுதச் சொல்றாங்களா? நீதான் பேசுறியா? நம்ம கன்னுக்குட்டி அம்மா பேரு என்ன, சொல்லு பாப்பம்!"

"செவலப்பா" என்று அழுகையும் சிரிப்புமாக அவள் சொல்ல, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். என் மகள்தான். தலையணையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்காரர், "பசுவுக்கே ஆதார் கார்டு கேக்கறார்மே மனுஷன்" என்று சொல்லப் போக, அவ்வளவுதான், தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். முதல் வருஷப் பெண் அவள் பக்கத்தில் போய், "எங்கப்பாவுக்கே நான் யாருன்னு தெரியாமப் போச்சுக்கா" என்றாள். வேறு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ம்… கன்னு காளையா கெடேரியா, கேட்டியா?" என்றாள் என் மகள். கேட்க மறந்துவிட்டிருந்தாள்.

அதற்கப்புறம் வேறு மாதிரிப் பயிற்சி. பெரியவள் என்னிடம், "அம்மா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்பாள். மகள் சொல்வாள், சின்னவள் எழுதுவாள், பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு பேனா தாளில் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்பாள். வேண்டுமென்றே நடுவில் ஒரு தப்பைச் சொல்லும்படி மகளிடம் முன்னாடியே சொல்லி வைத்திருப்பாள். அந்தத் தப்பு வரும்போது சின்னவளின் பேனா ஒரு நொடி தயங்கும்.

"நின்னுச்சு பார்" என்பாள் பெரியவள். "பேனா நிக்கக் கூடாது. நீ வாயால ஒண்ணுமே சொல்லாட்டியும், நின்னா அதுவே 'தப்பு'ன்னு சொல்லிடுது. சரியானதுக்கு வேகமாவும் எழுதாதே, அதுவும் சொல்லிடும். ரெண்டுக்கும் ஒரே ஓட்டம். புரியுதா?"

புழுக்கத்தில் வேர்க்க வேர்க்க அந்தப் பெண் பழகினாள். நான் மெஷினில் உட்காராமல், ஓரமாக உட்கார்ந்து ஹெம்மிங் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாட்களில் எனக்கே அந்தப் பேனா நிற்பது காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

பரீட்சை நாள் காலையில் விளக்கேற்றி, மகளுக்கும் சின்னவளுக்கும் விபூதி வைத்தேன். பெரியவள் பக்கம் கை போய்விட்டுத் தயங்கியது. "எனக்கும் வைங்கம்மா, மாதா கோச்சுக்க மாட்டாங்க" என்று நெற்றியைக் காட்டினாள். எல்லோரும் வீட்டுக்காரர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஏறினோம்.

இருவரும் உள்ளே போனதும், நானும் பெரியவளும் வெளியே ஒரு மரத்தடியில் நின்றோம். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள். அந்தப் பாடம் அவளுக்கும் எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. "உள்ள போய் நானே எழுதிடலாம்னு கை அரிக்குதும்மா" என்றாள். "அவ எப்படி எழுதறாளோ. என் ஃபர்ஸ்ட் இயர்ல எங்க சீனியர் அக்கா இப்படித்தான் வெளியே நின்னுக்கினு இருந்தாங்க. அப்ப எனக்கு அவங்க கஷ்டம் புரியல." வேலை தெரிந்தவள் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பது எவ்வளவு பெரிய தவம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைகீழ் நியாயம் என்று நினைத்தேனே, அது தப்பு.

நான் அம்மனை வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினேன். பாஸாக வேண்டும் என்றுதான் வாயில் வந்தது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன். அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது, நம் நட்சத்திரத்தை மாற்றி ஐயர் இன்னொரு நட்சத்திரம் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? "ஐயரே, அது இல்லீங்க" என்று எட்டிச் சொல்லமாட்டோமா? எவ்வளவு உசத்தியான நட்சத்திரமாக இருந்தாலும் அது நம்முடையது இல்லையே. ஆகவே, 'தாயே, அவள் சொல்லுவது சொன்னபடி போய்ச் சேரட்டும், மற்றதை நீ பார்த்துக்கொள்' என்று வேண்டிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து வந்தார்கள். என் மகள் சின்னவளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வருகிறாள். சின்னவள் முகம்தான் சிவந்து வீங்கியிருக்கிறது.

பெரியவள் எதிரே ஓடினாள். "எழுதினியா?"

"எழுதுனேன்க்கா."

"மாத்தினியா?"

"இல்லக்கா." அதற்கு மேல் அடக்க முடியாமல் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "ஒரு எடத்துல… தப்பாச் சொன்னாங்கக்கா. எனக்குத் தெரியும்க்கா. அப்புடியே எழுதிட்டேன்."

என் மகள் நின்றுவிட்டாள். "எந்த இடம்? இப்ப சொல்லு, தாளைக் குடுத்தாச்சு."

"புரட்சியில டென்னிஸ் மைதானத்துல சபதம் எடுத்தது முதல்லக்கா. சிறைச்சாலைய ஒடச்சது அப்புறம். நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க."

வீட்டுக்காரர் ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி!" என்றாள் என் மகள். "பேனா நிக்கவே இல்லையேடி! அதைக் கேட்டுக்கினுதான் நான் சரியா சொல்றேன்னு தைரியமா போயிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னவளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுப்படி?" என்று கேட்டாள்.

"எழுதுனேன்க்கா. ரொட்டி இல்லாத வீட்டில் கோபம் முதலில் அடுப்படியில்தான் மூளும். அப்புடியேதான் எழுதுனேன்."

பெரியவள் சின்னவளின் வலது கையை எடுத்து, மை பட்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அழுதுகொண்டு இருந்த கூட்டத்தைப் பார்த்து வீட்டுக்காரர், "ஏறுங்கமே, பரீட்ச எழுதினவ சிரிக்கிறா, நீங்க இன்னாத்துக்கு அழுவுறீங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

தேறிவிட்டாள். மாதிரிப் பரீட்சையில் வந்த மதிப்பெண் வரவில்லை, அதைவிட எவ்வளவோ குறைவு. முடிவு வந்த அன்று நான் பாயசம் வைத்தபோது, மகள் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தாள். "இது என்னோடது" என்றாள். அவள் பாயசத்தைச் சொன்னாளா மார்க்கைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் பெருங்குடிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பட்டினப்பாக்கத்துப் பெண்ணும் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். மாதா திருவிழாவுக்குக் கூப்பிடுவாள், நாங்கள் போவோம். அந்தச் சின்னவள் மூன்றாம் வருஷம் வந்ததும், புதுப் பெண் ஒருத்தியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் கண் தெரியாத ஒரு பையனுக்காக எங்கள் கூடத்தில்தான் பயிற்சி. "அம்மா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று கேட்டாள். நான் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள். பயந்த சுபாவம் எல்லாம் எங்கே போனதோ. கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுச்சு பாத்தியா?" என்றாள் தஞ்சாவூர்ப் பேச்சில், அப்படியே அவள் அக்கா மாதிரி.

வயசில் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் நான் பெரியவன் என்கிற எண்ணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பெண்களுக்குள் இரண்டு வருஷம்தான் வித்தியாசம். முந்தாநாள் தாங்கள் செய்த தப்பை நேற்று வந்தவள் செய்யும்போது, சிரித்துக்கொண்டே கூட நிற்கிறார்கள். கோயிலில் எத்தனையோ தொண்டு பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு இதுவும் அதில் ஒன்றுதான்.

இதை எழுதி முடித்து மகளுக்குப் படித்துக் காட்டினேன். பரீட்சை முடிந்து வந்த இடத்தில், அவளும் அழுதாள் என்று எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதேன்? சிரிச்சேன். சிரிச்சேன்னு எழுது" என்றாள். எனக்கு அவள் அழுத மாதிரித்தான் ஞாபகம். இருந்தாலும் சிரித்தாள் என்றே திருத்திவிட்டேன். அவளுடையது அவள் சொன்னபடிதானே இருக்க வேண்டும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது மார்க்கைக் கூட்டிவிடாதீர்கள். என் மகளைப் பாவம் என்று ஆக்கிவிடாதீர்கள். டென்னிஸ் மைதானமும் சிறைச்சாலையும் முன்பின்னாக மாறி இருக்கட்டும், நீங்கள் சரி செய்ய வேண்டாம். அந்த இடம் வரும்போது தயங்காமல் சொல்லிக்கொண்டே போங்கள்.